கடைசிக் கப்பலில் ஓர் இடம்

மகள் வசந்தி அந்தப் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபோது முதலில் வந்தது மணம்தான். மலிவான தாள் பழுத்துப்போனால் எழும் மணம். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் வைக்கோற் சூடு. நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். அப்படியே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். ஆலைக் கொட்டகையில் நீ எனக்குப் பக்கத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு ஒரு தாட்கட்டை அவிழ்ப்பாய். அப்போது வருகிற மணம் அது.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்ல. நீ வாசி."

வாசித்தாள். ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிப்பதும் அதைத் தமிழில் எனக்குச் சொல்வதுமாக அந்த ஒரு கதைக்கே இரண்டு மாலைப்பொழுதுகள் போயின. அதில் என்ன இருந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் மறுநாளே பஸ் ஏறிக் கதிரவெளிக்கு வந்திருப்பேன். உன் வாசலில் மணலில் இருந்துகொண்டு, "ஏன்கா இப்பிடிச் செய்த நீ?" என்று கேட்டிருப்பேன். இப்போது கேட்பதற்கு வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடதாசி ஆலை தொடங்கிய புதிதில்தான் உன்னைக் கண்டேன். வயல் வட்டைகளில் நெற்சூடு அடித்து முடிந்ததும் வைக்கோல் லொறி லொறியாக வந்து குவியும். அதோடு சேர்த்து அவிக்கக் கொழும்பிலிருந்து ரயிலில் கழிவுத்தாள் வரும். வெளிநாட்டுப் பத்திரிகைகள், கந்தோர்க் கடதாசிகள், விற்காமல் திரும்பிய சஞ்சிகைகள் எல்லாம் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டு வரும். கட்டை அவிழ்த்து, ஊசிகளைக் கழற்றி, மினுங்குகிற அட்டைகளைக் கிழித்து வேறாக்கி, மிச்சத்தைத் தொட்டிக்கு அனுப்புவதுதான் எங்களுடைய வேலை. தொட்டியில் விழுந்த தாள் கொஞ்ச நேரத்தில் கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

நீ வந்த அன்று உன் கழுத்தில் தாலி கிடந்தது. ஓட்டமாவடியிலிருந்து பாலத்தைக் கடந்து வருகிற ஆசியா ராத்தாதான் எங்களில் மூத்தவள். யார் வந்தாலும் முதற்கேள்வி அவளுடையது.

"புருசன் என்ன செய்யிற புள்ள?"

"கடலுக்குப் போனவர்."

"எப்ப வருவார்?"

"வருவார்" என்றாய். முகம் திருப்பாமல் ஊசி கழற்றிக்கொண்டே சொன்னாய்.

பிறகுதான் எங்களுக்கு மெல்ல மெல்லத் தெரிய வந்தது. கதிரவெளியிலிருந்து மூன்று பேர் ஒரு தோணியில் போனார்கள். வாடைக்காற்று மாறி அடித்தது. தோணி உடைந்து கரைக்கு வந்தது; இரண்டு பேருடைய உடல்களும் வந்தன. உன் புருசன் மட்டும் வரவில்லை. தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்துக் கடமையை முடிப்போம், தாலியைக் கழற்று என்று உறவுகள் சொன்னபோது, நீ ஒரு பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு ஆலைக்குக் கிட்ட இருந்த மாமியின் வீட்டுக்கு வந்துவிட்டாய். எரிக்க ஆள் வேண்டும் என்றாயாம். ஆள் இல்லாமல் எதை எரிக்கிறது?

சின்ன வயதில் உன்னை மட்டக்களப்பில் மிஷன் விடுதியில் விட்டுப் படிப்பித்திருந்தார்கள். எங்களில் ஆங்கிலம் தெரிந்தவள் நீ மட்டும். அது கொட்டகையில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அட்டை கிழிந்த ஒரு சஞ்சிகையைப் பார்த்து நீ தனியே சிரித்ததை நான் கண்டேன். என்னவென்று கேட்டேன். "ஒரு கடை. மனிசர்ர நித்திரையை வாங்கி வேற ஆக்களுக்கு விக்கிற கடை" என்றாய்.

"மறுகா என்ன நடந்த?" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. விஞ்ஞானக் கதைகள் என்று நீ அவற்றைச் சொன்னாய். நித்திரை விற்கிற கடையின் கதை, கண்ணாடிக் கூண்டுக்குள் நெல் விளைகிற நகரத்தின் கதை, மழையைக் கூப்பிட்டால் வருகிற இயந்திரத்தின் கதை. சோற்றுப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் உன்னைச் சுற்றி இருப்போம். கங்காணி வந்து எட்டிப் பார்ப்பார், கொஞ்சம் தள்ளிப் போய் நின்று அவரும் கேட்பார். வேறொரு கிரகத்தில் ஆட்கள் குடியேறின கதையை நீ சொன்னபோது ஆசியா ராத்தா கறியை விட்டுவிட்டு யோசித்தாள்.

"அங்க இருந்து தொழுற எண்டா எந்தப் பக்கம் பாக்கிற புள்ள?"

நீ சிரிக்கவில்லை. "அத எழுதயில்ல ராத்தா. ஆனா பூமி எந்தப் பக்கமெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும்" என்றாய். "அப்ப சரி" என்று ராத்தா கறியைத் தொட்டுக்கொண்டாள்.

வைக்கோல் கொண்டுவருகிற லொறிக்காரர் தங்கராசா அந்த நாட்களில்தான் எங்கள் கொட்டகைப் பக்கம் வரத் தொடங்கினார். லொறியை நிழலில் விட்டு, எங்கள் பானையில் தண்ணி குடித்துவிட்டு, கதவடியில் நின்று கதை கேட்பார். தலைமயிர், சட்டை எல்லாம் வைக்கோல் தும்பு. உன்னைப் பார்க்கிற பார்வையை எல்லாரும் கண்டோம். அதை முதலில் கண்டவள் நான்தான். ஏனென்றால் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணி குடிக்கிற தகரக் குவளையைத் தினமும் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைப்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. யாருக்கும் சொன்னதுமில்லை. உனக்கும் சொன்னதில்லை.

அவர் ஆசியா ராத்தா மூலமாய் உன்னைப் பெண் கேட்டு அனுப்பினார். எல்லாருக்கும் முன்னால்தான் ராத்தா உன்னிடம் சொன்னாள். அவளுக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

"நல்ல பொடியன் மகள். குடியில்ல, கூத்தில்ல. உன்ர கதை எல்லாம் தெரியும் அவனுக்கு. தெரிஞ்சுதான் கேக்கிறான். எத்தின காலத்துக்கு இப்பிடி இரிக்கப்போறாய்?"

நீ கையில் இருந்த சஞ்சிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று காலையில் அவிழ்த்த கட்டில் வந்தது அது. அட்டை இல்லை, ஓரமெல்லாம் தண்ணி பட்டு மஞ்சளாய் இருந்தது.

"இதில ஒரு கதை கிடக்கு ராத்தா. அது முடியட்டும், மறுகா சொல்லுறன்."

நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் கதையை நீ ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். குளிர்ந்துபோன ஒரு சிறிய உலகம். அங்கே ஒரு நிலையம். தூரத்துச் சமிக்ஞைகளைக் கேட்டுப் பதிகிற இடம். அங்கே ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய புருசன் பழுதாய்ப்போன தூரத்துக் கம்பம் ஒன்றைத் திருத்த ஒரு சின்னக் கலத்தில் தனியே போனவன். போய்ச் சேர்ந்ததும் மூன்று தரம் தட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கலம் திரும்பி வரவில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் அவளுடைய இயந்திரத்தில் மூன்று தட்டுக் கேட்கிறது. மேலதிகாரி சொல்கிறான், அது உயிருள்ள மனிசன் தட்டுகிறதில்லை, முன்பொருநாள் இங்கிருந்து போன சத்தம் எங்கேயோ பட்டுத் திரும்பி வருகிறது என்று. அவள் நம்புகிறாளா இல்லையா என்று நீ சொல்லவேயில்லை. கேட்டாலும், "சொல்லுறன், பொறுங்கவன்" என்பாய்.

நீ தட்டுகிற மாதிரி விரலால் சோற்றுப் பெட்டியில் தட்டிக் காட்டுவாய். கொட்டகை முழுக்க மூச்சு விடாமல் இருக்கும்.

பிறகு நிலையத்தை மூடுகிறார்கள். எல்லாரையும் ஏற்றிப்போகக் கடைசிக் கப்பல் வந்து இறங்குகிறது. அவள் ஏணியில் ஒரு காலை வைக்கிறாள். உள்ளே இயந்திரம் தட்டத் தொடங்குகிறது. ஒன்று. இரண்டு.

"மறுகா?" என்றோம் எல்லாரும்.

நீ சஞ்சிகையைத் திருப்பிக் காட்டினாய். கடைசித் தாள் இல்லை. கிழிந்த விளிம்பு மட்டும் பல்லுப் பல்லாய் நின்றது.

பெண்கள் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். ஏதோ தங்கள் சொந்தக்காரிக்கு நடந்தது போல. ஏறியிருப்பாள் என்றார்கள் சிலர். ஏறினால் அவள் மனிசியா என்றார்கள் மற்றவர்கள். ஆசியா ராத்தாதான் எழுந்து சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "இந்தக் கட்டு எங்கால வந்த? மிச்சக் கட்டெல்லாம் இன்னும் வெளியில கிடக்குத்தானே? தேடுவம்."

அன்றும் மறுநாளும் அந்தக் கொட்டகையில் நடந்த வேலையைப் போல ஆலையில் ஒருநாளும் நடந்திராது. மலைபோலக் கிடந்த தாள்களுக்குள் ஓரத்தில் மஞ்சள் கறை பட்ட ஒற்றைத் தாளைத் தேடினோம். எழுத்துத் தெரியாதவர்களும் கறையைப் பார்த்துத் தேடினார்கள். கங்காணி தொட்டிக்காரனிடம் போய், கொஞ்சம் மெல்லமாய் அவி என்று சொல்லிவிட்டு வந்தார். நீயும் தேடினாய். எங்கள் எல்லாரையும்விட வெறியோடு தேடினாய். கம்பி கீறி உன் உள்ளங்கையில் இரத்தம் வடிந்தது. சீலையில் துடைத்துவிட்டு மறுபடியும் கையை விட்டாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து, "காணும்கா, விடு" என்றேன். என்னைப் பார்த்தாய். யாரென்று தெரியாதவளைப் போலப் பார்த்தாய்.

தாள் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் யாரும் கதை கேட்கவில்லை. குனிந்து சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம். ஆசியா ராத்தாதான் சொன்னாள்: "எழுதினவன் எங்கயோ இரிக்கிறான். அவனுக்கு நம்மளத் தெரியாது. நீயே சொல்லி முடி புள்ள. நாங்க ஏற்றுக்கொள்ளுறம்."

நீ கொஞ்ச நேரம் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்.

"கப்பல்ல ஒரு இடம்தான் மிச்சம் இருந்த. அந்த இடத்தில இவள் ஏறயில்ல. காலை எடுத்திட்டாள். பக்கத்தில நிண்ட மற்றவளைப் பிடிச்சு ஏத்தி விட்டிட்டாள்."

"எந்த மற்றவள்?" என்று ராத்தா கேட்டாள். "இதில இன்னொருத்தி இல்லையே!"

"இருந்தவள் ராத்தா. முதலில இருந்தே அந்த நிலையத்தில வேலை செய்தவள். ஒண்டும் பேசமாட்டாள், அதால நான் சொல்ல மறந்திட்டன்."

"அதென்ன கதை! முடியிற நேரத்தில புது ஆளைக் கொண்டு வாற."

"புது ஆளில்ல" என்றாய். "நீங்க ஒருத்தரும் காணயில்ல, அவ்வளவுதான்."

"அப்ப இவள்?"

"இவள் உள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தாள்."

யாருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. கடைசித் தாள் இல்லாததால் நீ ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றினாய் என்று நினைத்தேன். மணி அடித்தது, எழுந்து போனோம்.

தங்கராசா அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கொட்டகைப் பக்கம் வரவில்லை. லொறியை வேறு பக்கமாக விட்டுப் போவார். அறுவடை ஒன்று போய், அடுத்ததும் வந்தது. ஒருநாள் ஆசியா ராத்தா எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, தங்கராசாவுக்கு என்னைக் கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல. பயம். மறுநாள் உன்னிடம் சொல்லப் போனேன். நீயே சொன்னாய்.

"ஓமெண்டு சொல்லு மணி. யோசியாத. யோசிச்சா ஒண்டும் நடக்காது."

"உனக்கு..."

"எனக்கு என்ன? எனக்குப் புருசன் இரிக்கிறார்."

என் கல்யாணத்துக்கு வந்தாய். சீலை உடுத்திவிட்டாய். ஊர் வழக்கப்படி அவர் எங்கள் அம்மாவின் வீட்டுக்கே வந்து குடியிருந்தார். நீ இரண்டொரு வருடம் ஆலையில் இருந்துவிட்டுக் கதிரவெளிக்குத் திரும்பிப் போனாய். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாய் என்று அறிந்தேன். வருடத்தில் ஒருதரமோ இரண்டுதரமோ எங்கள் வீட்டுக்கு வருவாய். வசந்தியை மடியில் வைத்திருப்பாய். திரும்பிப் போகும்போது அவர், வைக்கோல் ஏற்றப் போகிற வழியில் இறக்கிவிடுகிறேன் என்பார். முன்னால் இருக்கச் சொன்னால் இருக்கமாட்டாய். பின்னால் ஏறிச் சாக்குக்கு மேல் இருந்துகொள்வாய். வெயில் என்றாலும் மழை என்றாலும் அப்படித்தான். நான் வாசற்படலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். லொறி திரும்பும் மட்டும் நீ எனக்குக் கை காட்டுவாய்.

எங்கள் வீட்டில் உன்னைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. சண்டை பிடித்தால்கூட உன் பெயர் வந்ததில்லை. ஆனால் நீ இல்லாத நாள் அந்த வீட்டில் இருந்ததில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் இருப்பார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் நீ இருப்பாய். எங்கே காலை வைப்பது என்று பார்த்து நடக்கிற மாதிரி நாங்கள் நடப்போம். அதில் கோபம் இல்லை. அது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

உனக்குச் செங்கமாரி, உடம்பெல்லாம் மஞ்சளாய்ப் போய்விட்டது என்று ஆள் வந்து சொன்னபோது தாமதமாகிவிட்டது. நாங்கள் வந்து சேர்ந்தபோது உயிர் போய் நீ பாயில் கிடந்தாய். உன்னைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாலியைக் கழற்றுவதா விடுவதா? நீ வாழ்வரசியா, கைம்பெண்ணா? பொட்டு வைப்பதா? யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்க சினேகிதி, நீங்க சொல்லுங்க" என்றாள்.

"கிடக்கட்டும்" என்றேன். "பொட்டையும் வையுங்க."

அவர் உள்ளே வரவில்லை. கடற்கரையில் போய் நின்றார். திரும்பி வரும்போது முழங்கால் வரை நனைந்திருந்தது. லொறியில் நான் முன்னால் இருந்தேன். வழி முழுக்க ஏதோ பின்னால் இருப்பது போலவே எனக்கு இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன்.

நீ கொட்டகையில் சொன்ன கதைகளைத்தான் நான் வசந்திக்குச் சொல்லி வளர்த்தேன். எனக்கு வேறு கதை தெரியாது. அவள் இப்போது பெரிய வகுப்புப் படிக்கிறாள். உன்னைப் போல ஆங்கிலத்தில் விருப்பம். மட்டக்களப்பில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்டப் பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் போய்க் கிளறிக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள் ஒரு தடித்த புத்தகத்தோடு ஓடி வந்தாள்.

"அம்மா! நீங்க சொல்லுற நித்திரைக் கடைக் கதை இதில கிடக்கு. அப்பிடியே கிடக்கு!"

முன்பு மலிவுச் சஞ்சிகைகளில் வந்த கதைகளைத் திரட்டி, இப்போது மறுபடி அச்சிட்டு விற்கிறார்களாம். முன்னுரையில் அவற்றை அழியாத செல்வங்கள் என்று எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் செல்வங்களை ஊசி கழற்றித் தொட்டியில் போட்டு அவித்தவர்கள் நாங்கள் அல்லவா? எங்கள் கையால் எத்தனை கதை கஞ்சியாய்ப் போயிருக்கும்?

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து தேடினோம். அந்தப் புத்தகக்காரரிடம் சொல்லி வைத்தோம். அடுத்த தொகுதியில் கண்ணாடிக் கூண்டு நெல்லும் மழை இயந்திரமும் வந்தன. வசந்தி வாசிக்க வாசிக்க, அடுத்து என்ன வரும் என்று நான் முன்கூட்டியே சொல்வேன். ஒரு சொல் பிசகாமல் அப்படியே இருக்கும். நீ கதைகளுக்கு எவ்வளவு நேர்மையாய் இருந்தாய் என்று நினைத்து எனக்குப் பெருமையாய் இருந்தது. எல்லாம் வந்தன, அந்த நிலையத்துக் கதை மட்டும் வரவில்லை.

அது மூன்றாவது புத்தகத்தில் இருந்தது. நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அன்று வந்தது அதுதான்.

குளிர்ந்த சிறிய உலகம் இருந்தது. நிலையம் இருந்தது. தட்டுகிற இயந்திரம் இருந்தது. ஆனால் அங்கே இருந்தது ஒரு கிழவன். தனி ஆள். அவனுக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, அவன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒருவரும் எந்தக் கலத்திலும் போகவில்லை. தட்டுகிற சத்தம் அவனுடைய சொந்த இயந்திரத்திலிருந்தே போய்த் திரும்பி வருவது என்று அவன் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறான். கப்பல் வருகிறது. எங்களுக்குக் கிடைக்காத கடைசித் தாளில், அவன் பதிவேட்டை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு ஏறிப் போகிறான். அவ்வளவுதான்.

"பொம்பிளை எங்க?" என்று கேட்டேன்.

"இதில பொம்பிளையே இல்லையம்மா."

"வடிவாப் பார்."

"முழுக்க வாசிச்சிட்டன்தானே. ஒருத்தியும் இல்ல."

மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். இல்லை.

மற்ற எல்லாக் கதைகளையும் உள்ளபடி சொன்ன நீ, இதை மட்டும் மாற்றியிருக்கிறாய். அந்தப் பெண்ணை நீதான் கொண்டுவந்து வைத்தாய். அப்படியென்றால் மற்றவளையும் நீதான் வைத்தாய். ஒன்றும் பேசாதவள். யாரும் காணாதவள். முடிவில் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றினாய் என்று இத்தனை வருடமும் நினைத்தேனே. கையில் சுற்றிய துணியைப் பார்த்துக்கொண்டு நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு இப்போது வேறு விதமாய்க் கேட்கிறது.

அன்று அவர் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டேன்.

"அவள் உங்களுக்கு என்ன மறுமொழி சொன்னவள்?"

"ஆர்?" என்றார். பிறகு, தெரியாதது போல இருக்க அவரால் முடியவில்லை. குவளையைக் கீழே வைத்தார்.

"லொறிக்குக் கிட்ட வந்தவள். நீங்க எல்லாரும் தாள் தேடினதுக்கு முதல் நாள் பின்னேரம். வந்து, 'நீங்க தண்ணி குடிக்கிற குவளையை ஆர் துலக்கி வைக்கிற எண்டு தெரியுமா?' எண்டு கேட்டாள். நான் அவள்தான் எண்டு நினைச்சு, 'நீதானே' எண்டன். 'நானில்ல, மணிதான்' எண்டாள். 'நான் இன்னும் வழி பாத்துக்கொண்டிருக்கிற ஆள். நீங்க அவளைப் பாருங்க' எண்டு சொல்லிப்போட்டுப் போனாள்."

"அழுதவளா?"

"அவள் முகத்தைத் தூக்கயில்ல மணி. எனக்குத் தெரியாது."

அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. முற்றத்தில் காகம் கத்திக்கொண்டிருந்தது. அவர் குவளையை மறுபடி எடுத்து, "எனக்கு அந்த நேரம் கோவம்தான் வந்த" என்றார். "இப்ப இல்ல."

ஆக, தேடுவதற்கு முன்பே நீ மறுமொழி சொல்லிவிட்டாய். அந்தத் தாளில் உன்னைப் பற்றி ஒரு சொல்லும் இராது என்று உனக்குத் தெரியும். அது ஒரு கிழவனுடைய கதை என்று உனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் இரத்தம் வடியத் தேடினாய். எதைத் தேடினாய்? வேறொரு முடிவு கிடைத்தால் மறுபடி ஓடிப்போய் லொறியை மறித்திருப்பாயா? இதைத்தான் உன் வாசலில் இருந்து கேட்க நினைத்தேன். சில வேளை எனக்கு விளங்குவது போல இருக்கிறது. விளங்கிவிட்டது என்று சொல்லப் பயமாயும் இருக்கிறது.

நன்றி என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நான் வாழ்ந்த வாழ்க்கை நல்ல வாழ்க்கை. அதைத் தந்ததற்கு நன்றி சொன்னால், நீ அதை இழந்தாய் என்று ஆகிவிடும். நீ இழந்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலேதான் நானும் போவேன்.

உன்னிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ தரவில்லை, நானாக எடுத்தது. உன் புருசனை நான் கண்டதேயில்லை. நீ ஒருநாள் கொட்டகையில் சொன்னதுதான்: நெட்டை ஆள், இடது புருவம் தூண்டில் இழுத்து இரண்டாய்ப் பிளந்திருக்கும் என்று. நீ போன பிறகு அந்த மனிதனைத் தேட உலகத்தில் ஒருவரும் இல்லையே என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து நான் பார்க்கிறேன். அமிர்தகழித் திருவிழாக் கூட்டத்தில் பார்க்கிறேன். ஓட்டமாவடிச் சந்தையில், கருவாடு கொண்டு வருகிறவர்களில், பஸ்ஸில் தூங்கி வழிகிற கிழவர்களில் பார்க்கிறேன். அவர் இருந்தால் இப்போது தலை நரைத்திருக்கும். இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். என்றாலும் நெட்டையாய் ஒருவர் எதிரே வந்தால் என் கண் புருவத்துக்குத்தான் போகிறது. என் புருசனுக்கு நான் இதைச் சொன்னதில்லை.

போன மாதம் வைக்கோல் பார்க்கக் கல்முனை றோட்டால் போனோம். குருக்கள்மடத்துக்குக் கிட்ட, றோட்டோரமாய் ஒரு கிழவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தபடி நடந்து போனார். நல்ல நெட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. லொறி மெல்லமாகியது. இவராகவே அந்த மனிதருடைய நடைக்குச் சரியாக லொறியை விட்டு, தலையை வெளியே நீட்டி, "எந்த ஊர் அண்ணே?" என்று கேட்டார்.

கிழவர் நிமிர்ந்தார். இரண்டு புருவமும் முழுசாய் இருந்தன.

"இஞ்சதான் மனே, குருக்கள்மடம்" என்றார்.

"சரி அண்ணே" என்றார் இவர். கொஞ்ச தூரம் போகும் மட்டும் வேகத்தைக் கூட்டவில்லை.